காலிக் கட்டத்தில் போட்ட பூஜ்யம்

“ஒரு கட்டத்துல நடுவரு மார்க்கே போடாம விட்டுட்டாருன்னு வெச்சுக்க. உன் மெஷினு அதை என்னன்னு எடுத்துக்கும்?”

போன வருடம் கார்னிவலுக்குப் பத்து நாள் இருக்கும்போது லிண்டால்வா அத்தை எடிலேனியிடம் கேட்ட கேள்வி இது. பஸ் நிலையத்தில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்று, சீஸும் இறைச்சியும் திணித்த பாஸ்டெலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை. பதினேழு வருடமாகப் பெய்ரா சம்பா குழுவின் கொடியைத் தூக்கி ஆடுகிறவள் அவள். தன் மார்க்கைக் கூட்டப்போகிற யந்திரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

எடிலேனிக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“அதெல்லாம் அது பாத்துக்கும் அத்தை,” என்றாள்.

“கெட்டிக்காரி,” என்று சொல்லி, அத்தை அவளுடைய தாளில் கூடுதலாக ஒரு பாஸ்டெலை வைத்தாள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. பெய்ராவில், ஆற்றை ஒட்டிய அந்த நான்கு தெருவில், எடிலேனி வயதுப் பெண்கள் எல்லோருக்கும் லிண்டால்வா அத்தைதான். எடிலேனிக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகை முன் நிற்க வைத்துக் கணக்குச் சொல்லச் சொன்னார்கள். விடை தெரியும், குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு ஜெராக்ஸ் கடையில் வேலை. கடையில் நான்கு கணினிகள் இருந்தன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், ஒலியை அணைத்துவிட்டு, பாட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். கணினியோடு பேசக் குரல் தேவையில்லை என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

சம்பா சங்கத் தலைவர் வால்டோமிரோ ஒரு நாள் விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எடிலேனி யாருக்கோ ஒரு பட்டியலைச் சரிசெய்துகொண்டிருந்ததைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“ஏம்மா, மார்க்குக் கூட்டுறதுக்கும் இந்த மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா? ஒவ்வொரு வருஷமும் பென்சிலை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் சண்டை போடறோம்.”

அவள் தலையை ஆட்டினாள். வேலை அப்படித்தான் அவளிடம் வந்தது.

கணக்கு ஒன்றும் பெரியதில்லை. ஊரில் ஐந்து குழுக்கள். தாளம், பாட்டு, உடை, கொடி என்று ஒன்பது பிரிவுகள். பிரிவுக்கு மூன்று நடுவர்கள், ஒவ்வொருவரும் பத்துக்கு மார்க் போடுவார்கள். மூன்றில் எது குறைவோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மற்ற இரண்டையும் கூட்ட வேண்டும். ஒரு நடுவருக்குப் பழைய பகை இருக்கும், இன்னொருவருக்குப் பல்வலி இருக்கும். அதனால் ஒரு குழுவின் ஒரு வருட உழைப்பு வீணாகக் கூடாது என்று முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு அது.

அத்தை கேள்வி கேட்ட அன்று எடிலேனி கடைக்குத் திரும்பியதும் சோதித்துப் பார்த்தாள். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுக் கூட்டச் சொன்னாள். மொத்தம் வரவேண்டிய இடத்தில் ‘எண் அல்ல’ என்று வந்தது. அந்தப் பிரிவு மட்டுமில்லை, அந்தப் பிரிவு போய்ச் சேர்ந்த மொத்தமும் எண் அல்ல. அந்த மொத்தத்தை வைத்துப் போட்ட வரிசையும் குலைந்து கிடந்தது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விழுந்தால் குடத்துத் தண்ணீர் முழுக்க நாறுவது போல.

இப்போது யோசித்தால், அந்த யந்திரம் அன்றைக்கு நியாயமாகத்தான் பேசியிருக்கிறது. பூஜ்யம் என்றால் நடுவர் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை என்றார் என்று பொருள். காலி என்றால் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். சொல்லாத ஒன்றை எதனோடும் கூட்ட முடியாது. ‘எனக்குத் தெரியாது, யாரிடமாவது கேள்’ என்றுதான் அது சொன்னது.

ஆனால் எடிலேனி அன்று கண்டது வேறு காட்சி. மண்டபம் நிறைய ஜனம். சுவரில் பெரிய எழுத்தில் ‘எண் அல்ல’. பக்கத்தில் தான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. உடனே ஒரு வரி எழுதினாள்: கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். ‘எண் அல்ல’ மறைந்தது. பூஜ்யம்தானே மூன்றிலும் குறைவு, அது தானாகவே தூக்கி எறியப்பட்டுவிடும், ஒருவர் கண்ணிலும் படாது என்று கணக்குப் போட்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

விதிப் புத்தகம் முப்பத்தொரு பக்கம். இருபது பிரதி அவள்தான் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்திருந்தாள். மார்க் கூட்டும் முறை பன்னிரண்டாம் பக்கத்தோடு முடிந்தது. அவள் அதற்கு மேல் படிக்கவில்லை.

*

கார்னிவல் ஞாயிறன்று மழை பிடித்துக்கொண்டது. சாம்பல் புதன் மதியம் மீனவர் சங்க மண்டபத்தில் மார்க் வாசிப்பு. வால்டோமிரோ ஒவ்வொரு உறையாகப் பிரித்து ஒலிபெருக்கியில் படிக்க, எடிலேனி தட்டச்சு செய்தாள். பெய்ராவும் மோரோவும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஆற்றங்கரைக்காரர்கள் ஒரு பக்கம், குன்றுக்காரர்கள் மறுபக்கம்.

“கொடிப் பிரிவு. பெய்ரா. முதல் நடுவர்... பத்து!”

பெய்ராக்காரர்கள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள்.

“இரண்டாம் நடுவர்...” வால்டோமிரோ தாளைத் திருப்பிப் பார்த்தார். “மார்க் இல்லை.”

காற்றில் அந்த நடுவரின் கூடாரத் துணி அறுந்து முகத்தில் விழுந்த நேரத்தில்தான் பெய்ராவின் கொடி கடந்து போயிருந்தது. பார்க்காததற்கு எப்படி மார்க் போடுவது என்று அந்த மனிதர் கட்டத்தை அப்படியே விட்டிருந்தார். வால்டோமிரோ எடிலேனி பக்கம் திரும்பினார்.

“மெஷினு பாத்துக்கும்ல?”

அவள் தலையை ஆட்டினாள்.

“மூன்றாம் நடுவர்... ஒன்பது புள்ளி ஆறு.”

பெய்ரா பக்கத்திலிருந்து எழுந்த கூச்சலில் அந்தக் காலிக் கட்டத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். கொடி தூக்குகிறவள் விழலாம், எழலாம், செருப்பு அறுந்தாலும் வெறுங்காலோடு ஆடலாம். கொடி மட்டும் கம்பத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மழைக்காற்றில் லிண்டால்வாவின் கொடி சுற்றிக்கொண்டுவிட்டது. ஒரே ஒரு சுற்றுதான். மூன்றாம் நடுவர் பார்த்துவிட்டார்.

மோரோ நூற்று எழுபத்தெட்டு புள்ளி ஒன்பது. பெய்ரா நூற்று எழுபத்தெட்டு புள்ளி ஆறு.

மூன்று பேரில் ஒருவர் போடவில்லை, மீதி இரண்டைக் கூட்டத்தானே வேண்டும் என்று எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியது. அதற்குப் பிறகு பெய்ராவில் சின்னக் குழந்தைகூடக் கழித்துப் பார்த்தது. கொடியில் போனது நாலு தசமம். தோற்றது மூணில். அந்த நாலு மட்டும் போகாமல் இருந்திருந்தால்!

ஒரு வாரத்தில் குழுவின் இயக்குநர் ஒஸ்மாரினோ கொடியை வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். லிண்டால்வா ஒத்திகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஊர் வாய் மட்டும் நிற்கவில்லை.

“ஏ ஒம்போது-ஆறு! ரெண்டு பாஸ்டெல் குடு. சீஸு உள்ள இருக்கட்டும், வெளிய சுத்திக்கப் போவுது.”

“ஒம்போது-ஆறு கிட்ட தள்ளுபடியெல்லாம் கிடையாது ராசா. காசை எடு,” என்று லிண்டால்வாவும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வாள். சொல்லிவிட்டு எண்ணெயைப் பார்ப்பாள். அப்படி ஒரு நாள் நாலு பேர் சிரித்தபோது எடிலேனியும் வரிசையில் நின்றிருந்தாள். சிரிக்காமல் தனியாக நிற்கக் கூச்சப்பட்டு அவளும் சிரித்தாள். அத்தை அதைப் பார்த்தாளா இல்லையா என்பது இன்று வரை தெரியாது.

*

இந்த வருடம் கார்னிவலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வால்டோமிரோ மறுபடியும் விதிப் புத்தகத்தை ஜெராக்ஸுக்கு அனுப்பினார். ஏழாவது பிரதியில் யந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது. எடிலேனி மூடியைத் திறந்து, கசங்கிய தாளை உருவி எடுத்து, எந்தப் பக்கம் என்று பார்த்தாள். இருபத்தொன்பதாம் பக்கம்.

‘நடுவர் ஒருவர் மார்க் இடாமல் விட்டால், அதே பிரிவில் அந்தக் குழுவுக்கு மற்ற இருவர் இட்டவற்றில் உயர்ந்தது எதுவோ, அதையே அவர் இட்டதாகக் கொள்ள வேண்டும்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். பத்து. காலி இடத்தில் பத்து. ஒன்பது புள்ளி ஆறு. குறைந்ததைத் தூக்கி எறி. பத்தும் பத்தும் இருபது.

தூக்கி எறிந்திருக்க வேண்டியது அந்த ஒன்பது-ஆறை. அவளுடைய பூஜ்யம் குறுக்கே வந்து விழுந்து, அதற்குப் பதிலாகத் தான் வெளியே போய், அதைக் கணக்கில் உட்கார வைத்துவிட்டது. போட்ட தடயமும் இல்லை, போன தடயமும் இல்லை. பெய்ராவுக்கு வந்திருக்க வேண்டியது நூற்று எழுபத்தொன்பது. மோரோவைவிட ஒரு தசமம் கூட.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து, “பாப்பா, ரெண்டு பக்கம் கலர்ல வேணும்,” என்றார். அவள் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று பஸ் நிலையத்துக்குப் போனாள்.

“சீஸா, எறச்சியா?” என்றாள் லிண்டால்வா.

“அத்தை...”

“ம்?”

“சீஸு.”

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் ஒரு பாஸ்டெலோடு திரும்பி வந்தாள். சில நாள் அதை விழுங்க முடியாமல் ஆற்றங்கரை நாய்க்குப் போட்டாள். “தெனமும் வர்றியே, ஊருல வேற யாரும் சமைக்கலியா? எலும்புக்கு மேல தோல் போத்தின மாதிரி இருக்க,” என்று சொல்லி லிண்டால்வா பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். அந்தச் சூடான தாள் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதெல்லாம் எடிலேனிக்குத் திருடிக்கொண்டு போவது போலிருந்தது.

பத்தாம் நாள், சொல்ல எளிதான ஆளிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம் என்று வால்டோமிரோவின் கடைக்குப் போனாள். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கசங்கிய தாளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைப் படித்தார். பின்பக்கத்துக் கணக்கைப் படித்தார். மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்தார்.

“இதை எவன் எழுதினது?”

“நீங்கதான் வால்டோமிரோ ஐயா. கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கு.”

“அட ஆமா.” நெற்றியைத் தேய்த்தார். “பதினோரு வருஷம் இருக்கும். ஒரு நடுவரு வெயில்ல மயங்கி விழுந்துட்டாரு. அதுக்காக எழுதி வெச்சோம். அப்புறம் தேவையே படல, மறந்தே போச்சு. சரி, யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

அவள் தாளை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள்.

“நல்லா கேட்டுக்க. மோரோக்காரன் கோப்பையைக் கண்ணாடிப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டான். பாதிரியாரு வந்து தண்ணி வேற தெளிச்சுட்டாரு. இப்பப் போயி அது உன்னுது இல்லடான்னா மண்டை உடையும். எனக்கும் சேத்து உடையும்.”

“லிண்டால்வா அத்தை...”

“அவளுக்கு நாப்பத்தஞ்சு வயசு. முட்டியில வலி. ரெண்டு வருஷத்துல எப்படியும் கொடியைக் கீழ வெச்சிருப்பா. சரி, கொடி சுத்திக்கிச்சா இல்லியா? அதைச் சொல்லு.”

“சுத்திக்கிச்சு.”

“அப்புறம் என்ன? அதுல பொய் ஒண்ணும் இல்லியே.” குரலைத் தாழ்த்தினார். “உன்னையும் நெனச்சுப் பாரும்மா. எட்டாங்கிளாஸ் தாண்டாத பொண்ணுகிட்ட கணக்கைக் குடுத்தாங்க பாருன்னு ஊரு கைகொட்டிச் சிரிக்கும். சத்தமில்லாம மெஷினைச் சரி பண்ணிடு. மெஷினைச் சோதிச்சுக் காட்டற கூட்டத்துல போன வருஷத் தாளைத் தொடாத. புது நம்பரு நான் எழுதித் தர்றேன்.”

கடையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. ஒரு பெரியவரே சொல்லிவிட்டார், இனி தன் பொறுப்பில்லை என்று உடம்பு தானாகவே நிம்மதி கொண்டது. தெருமுனை திரும்புவதற்குள் அந்த நிம்மதியை நினைத்தே அவள் முகம் சுண்டிப்போனது. செய்த தப்பைவிட அது கேவலமாகப் பட்டது.

நிரலைத் திருத்தினாள். இந்த முறை காலியைக் காலியாகவே விட்டாள். ஒருவர் விட்டிருந்தால் இருபத்தொன்பதாம் பக்கத்தின்படி செய். ஒருவருக்கு மேல் விட்டிருந்தால் கூட்டாதே, சிவப்பு எழுத்தில் ‘மார்க் இல்லை, தலைவரைக் கேள்’ என்று சொல். எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தைப் போன வருடமே செலவழித்திருக்கலாம் என்று நினைத்து நினைத்து அன்று முழுக்க அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை.

*

கார்னிவலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சோதனைக் கூட்டம். ஐந்து குழுக்களின் ஆட்களும் வந்து உட்கார, முந்தின வருட மார்க்குகளை மறுபடியும் தட்டச்சு செய்து, மொத்தத்தைச் சுவரில் காட்ட வேண்டும். பழைய மொத்தம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே தப்பு வந்தால் உடனே தெரியும். சரியாக வந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாஸ்டெல் தின்பார்கள். பாஸ்டெல் வழக்கம்போல லிண்டால்வாவிடம்தான் சொல்லியிருந்தார்கள். ஒத்திகைக்குத்தான் அவள் வருவதில்லையே ஒழிய, இது அவள் பிழைப்பு.

வால்டோமிரோ எடிலேனியின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். புது எண்கள்.

“இந்த வருஷம் ஒரு மாத்தம்,” என்று சபைக்குச் சொன்னார். “சும்மா கற்பனை நம்பரு போட்டுப் பாக்கறோம். பழசைக் கிண்ட வேணாம், மனஸ்தாபம் வரும்.”

“ஆமாமா, எங்களுக்கும் அந்தத் தாளைப் பாத்தா வயித்தெரிச்சல்தான்,” என்றார் ஒஸ்மாரினோ.

“எங்களுக்கு அதைப் பாத்தா தூக்கம் நல்லா வருது,” என்றார் மோரோவின் இயக்குநர் ஜாண்டிர். சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் லிண்டால்வா சமையல் அறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் தட்டோடு உள்ளே வந்தாள். மேசை ஓரத்தில் கிடந்த துணி தட்டின் அடியில் சிக்கிக்கொண்டது. அவள் அதை விடுவிக்கப் பார்த்தாள்.

“பாத்து லிண்டால்வா, பாத்து!” என்றார் ஒஸ்மாரினோ. “அதுவும் சுத்திக்கப் போவுது!”

இந்தத் தடவை ஐந்து குழுவும் ஒன்றாகச் சிரித்தது. எடிலேனியின் உதடுகளும் பழக்கத்தில் விரியத் தொடங்கின. தன் வாய் விரிவதைத் தானே உணர்ந்தாள். லிண்டால்வாவும் சிரித்தபடி துணியை உருவி மடித்து வைத்தாள். அவள் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

எடிலேனி துண்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. பத்து, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு நகர்ந்தாள், ஒன்பது புள்ளி ஆறு. நூற்று முப்பத்தைந்து கட்டங்களும் அவளுக்கு இந்த மூன்று வாரத்தில் நெட்டுருவாகியிருந்தன. பாஸ்டெல் தின்பதில் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

சுவரில் எழுத்து வந்தது. பெய்ரா 179.0. மோரோ 178.9.

முதலில் ஜாண்டிர்தான் மெல்லுவதை நிறுத்தினார்.

“கற்பனை நம்பருன்னு சொன்னீங்க. இது நம்ம நம்பரு மாதிரில்ல இருக்கு. எங்க நூத்தி எழுவத்தெட்டு ஒம்போது அப்படியே நிக்குது. இவங்களுது எப்படி ஏறிச்சு?”

“மெஷினு கோளாறு,” என்று வால்டோமிரோ எழுந்தார். “வோல்டேஜு சரியில்ல. அணைச்சுடும்மா, அணை.”

“கோளாறு இல்ல,” என்றாள் எடிலேனி.

குரல் பாதியில் நின்றது. இருபது முகங்கள் அவளை நோக்கித் திரும்பின. அதே கரும்பலகை, அதே வகுப்பு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம்தான் கோளாறு. கொடியில ரெண்டாம் நடுவரு மார்க் போடல. நான்... நான் அதைப் பூஜ்யம்னு எழுதி வெச்சிருந்தேன். விதிப்படி பத்துன்னு எடுத்திருக்கணும். எடுத்திருந்தா ஒம்போது-ஆறு கணக்குலயே வந்திருக்காது. வெளிய போயிருக்கும். கொடி சுத்தினதுக்காகப் பெய்ரா தோக்கல. நான் போட்ட பூஜ்யத்தால தோத்துச்சு. மழை இல்ல, நடுவரு இல்ல. நான்தான்.”

இவ்வளவு நீளமாக அவள் யார் முன்னாலும் பேசியதில்லை.

“அப்படின்னா நாமதான்டா சாம்பியன்!” ஒஸ்மாரினோ நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். “கேட்டீங்களாடா? நாமதான்! ஜாண்டிரு, கண்ணாடிப் பொட்டி சாவியை எடு!”

“சாவியா? வா, குன்று மேல வந்து எடுத்துப் பாரு! நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஆட்சேபம் சொல்லணும்னு இருக்கா இல்லியா? ஒரு வருஷம் கழிச்சு வந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி சொன்னா...”

“உக்காருங்கப்பா, உக்காருங்க,” என்று வால்டோமிரோ இரண்டு பேருக்கும் நடுவில் கையை விரித்தார். எடிலேனி பக்கம் அவர் திரும்பவே இல்லை. யாரோ மேசையைத் தட்டினார்கள். கோப்பை, கோப்பை என்றே எல்லோர் வாயிலும் வந்தது. கொடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

லிண்டால்வா சமையல் அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் காலித் தட்டு. சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது, மனதில் கூட்டிப் பார்க்கிறாள் போல. பிறகு அவள் முகம் தளர்ந்தது. ஒரு வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கண்ணோரத்தில் அவிழ்வதை எடிலேனி பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கும் நெஞ்சு லேசானது. சொல்லியாகிவிட்டது, எப்படியோ சொல்லியாகிவிட்டது.

ஒஸ்மாரினோவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“லிண்டால்வா! ஏ லிண்டால்வா! கேட்டியா? உன் ஒம்போது-ஆறு செல்லாதாம்! வா இங்க. இந்த வருஷம் கொடி உனக்குத்தான், நான் சொல்றேன். இன்னைக்கே ஒத்திகைக்கு வந்துடு.”

லிண்டால்வா அவரைப் பார்க்கவில்லை. எடிலேனியைப் பார்த்தபடி இரண்டடி எடுத்து வைத்தாள். கட்டிக்கொள்ளத்தான் வந்தாளோ என்னவோ.

“ஒரு நிமிஷம்,” என்றார் ஜாண்டிர். தோற்ற கோபத்தில் அவர் குரல் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வந்தது. “பொண்ணே, இது உனக்கு எப்பத் தெரியும்? இப்பத்தான் கண்டுபிடிச்சியா?”

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. இப்போதுதான் என்று ஒரு வார்த்தை போதும்.

“மூணு வாரம் ஆச்சு,” என்றாள்.

லிண்டால்வா நின்றுவிட்டாள்.

மூன்று வாரம். அவள் கண்ணில் அந்த நாட்கள் ஒவ்வொன்றாக ஓடுவதை எடிலேனியால் பார்க்க முடிந்தது. சீஸா, எறச்சியா. பெரியதாகப் பொறுக்கி எடுத்தது. எலும்புக்கு மேல தோல் என்று சொல்லிச் சிரித்தது. வரிசையில் யாரோ ஒம்போது-ஆறு என்று கூப்பிட்டபோது, இதே பெண் எல்லாம் தெரிந்துகொண்டு, தாளை நீட்டியபடி, அவர்களுக்குப் பின்னால் நின்றது.

“அத்தை, தெனமும் சொல்லத்தான் வந்தேன்,” என்றாள் எடிலேனி. “சத்தியமா. வாய் வரல.”

லிண்டால்வா காலித் தட்டை மேசையில் இருந்த மற்றத் தட்டின் மேல் அடுக்கினாள். கொட்டிக் கிடந்த துகள்களைக் கையால் கூட்டி அதில் அள்ளினாள். ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் கைவிட்டு அவிழ்த்து, நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒஸ்மாரினோ, “என்னம்மா, சந்தோஷத்துல பேச்சே வரலியா?” என்றார். அவள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, எடிலேனி உட்கார்ந்திருந்த மேசையைத் தொட்டாற்போலக் கடந்து, வாசல் படியில் வலிக்கிற முட்டியைப் பார்த்து ஒரு முறை நிதானித்து, இறங்கிப் போனாள்.